நீங்கள் நீக்கிய நான்கு விரல் இடைவெளி

குழந்தைத் தொட்டில்களை இணையத்தில் விற்கும் அங்காடிகளின் பொறுப்பாளர்களுக்கு,

உங்களில் ஒருவர் போன வாரம் எனக்கு அனுப்பிய இரண்டு வரி மின்னஞ்சல்தான் இந்த மடலை எழுத வைத்தது. "உங்கள் கருத்து எங்கள் விதிமுறைகளுக்கு உட்பட்டு இல்லாததால் நீக்கப்பட்டுள்ளது. புரிதலுக்கு நன்றி." எனக்குப் புரியவில்லை. நான் எழுதியதில் வசவு இல்லை, யார் பெயரும் இல்லை, விலையைப் பற்றிய முணுமுணுப்புகூட இல்லை. இரவில் பெரியவர்களின் மெத்தைக்கும் இந்தத் தொட்டிலுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விழுகிறது, பச்சிளங்குழந்தையின் உடல் அதில் இறங்கிவிடும், தொட்டிலைக் கட்டிலோடு பிணைக்கும் பட்டையைக் கட்ட வழியில்லாத கட்டில் வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம் என்று ஆறு வரி எழுதியிருந்தேன். அளவுநாடா வைத்து எடுத்த இரண்டு படங்களையும் சேர்த்திருந்தேன். அவற்றை நீக்கிவிட்டு, அதே தொட்டிலை அதே விளம்பரப் படத்தோடு இன்றைக்கும் விற்கிறீர்கள். "பார்சல் சீக்கிரம் வந்தது", "சாம்பல் நிறம் அறைக்குப் பொருத்தமாக இருக்கிறது" என்ற ஐந்து நட்சத்திரக் கருத்துகள் பத்திரமாக இருக்கின்றன.

எந்த அங்காடி என்று இங்கே எழுதவில்லை. அதே தொட்டில், அதே படம், மூன்று இடங்களில் மூன்று பெயர்களில் விற்பனையில் இருப்பதைப் பார்த்தேன். ஒருவரை மட்டும் சுட்டினால் மற்ற இருவரும் தப்பித்துக்கொள்வார்கள். எனவே இது உங்கள் எல்லோருக்கும்.

நான் ஓய்வுபெற்ற செவிலியர். 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் பச்சிளங்குழந்தைப் பிரிவில். என் மகளுக்குப் போன ஐப்பசியில் அறுவைச் சிகிச்சை மூலம் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே அவளும் மாப்பிள்ளையும் கைப்பேசியில் தேடித் தேடி இந்தத் தொட்டிலைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் அதைப் பெட்சைட் ஸ்லீப்பர் என்கிறார்கள். கட்டிலை ஒட்டி நிற்கும், தாய்ப் பக்கத்துச் சுவரை மட்டும் இறக்கிவிடலாம். நான் பக்கத் தொட்டில் என்றே எழுதுகிறேன்.

இந்தப் பொருளே வேண்டாம் என்று சொல்லும் ஆள் அல்ல நான். சொல்லப்போனால் வாங்கச் சொன்னதே நான்தான். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பாலூட்ட வேண்டும். அதில் மூன்று நான்கு முறையாவது நள்ளிரவுக்குப் பிறகு வரும். வயிற்றில் தையலோடு படுத்திருப்பவள் ஒவ்வொரு முறையும் எழுந்து, குனிந்து, தரையிலோ தாழ்ந்த தொட்டிலிலோ கிடக்கும் பிள்ளையைத் தூக்க முடியாது. பக்கத்திலேயே போட்டுக்கொண்டு தூங்கிவிட்டால் போர்வை முகத்தில் விழும், அயர்ந்த கை மேலே விழும், நடுவில் பள்ளம் விழுந்த இலவம்பஞ்சு மெத்தையில் குழந்தை பெரியவர் பக்கமாக உருளும். சோபாவில் உட்கார்ந்து பால் கொடுத்தபடியே கண் அயர்வது இவை எல்லாவற்றையும்விட ஆபத்து. குழந்தை ஒரே அறையில், கை எட்டும் தூரத்தில், ஆனால் தனக்கென்று தட்டையான, அழுத்தமான ஒரு படுக்கையில் மல்லாந்து படுக்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022-இல் புதுப்பித்த அறிவுரையும் இதைத்தான் சொல்கிறது. குறைந்தது முதல் ஆறு மாதத்துக்காவது இப்படி என்கிறது. இந்தத் தேவைக்குப் பக்கத் தொட்டில் நல்ல விடைதான், கட்டிலோடு ஒழுங்காகப் பொருந்தினால்.

அந்தப் பொருத்தத்தைப் பற்றி உங்கள் விற்பனைப் பக்கத்தில் ஒரு வரி கிடையாது.

பெட்டி வந்த அன்று பிரித்தவர் மாப்பிள்ளை. உள்ளே ஆறு இரும்புக் குழாய்கள், துணிக்கூடு, இரண்டு விரல் தடிமனில் ஒரு மெத்தை, இரண்டு நைலான் பட்டைகள், ஒரு கைக்குட்டை அளவுத் தாளில் எழுத்தே இல்லாத வரைபடம். கூடவே "இலவசம்" என்று ஒரு குட்டித் தலையணை, நான்கு பக்கமும் கட்டுவதற்குப் பஞ்சு வைத்த அணைப்பு, கரடி படம் போட்ட மெத்தென்ற போர்வை. நான் முதலில் செய்தது அந்த இலவசங்களை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டியதுதான். பிறந்த குழந்தை மூக்கு வழியாகத்தான் பெரும்பாலும் மூச்சு விடும். பஞ்சில் முகம் புதைந்தால் தலையைத் திருப்பிக்கொள்ளும் வலு கழுத்தில் இருக்காது. விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட பஞ்சணைப்பின் விற்பனையை அமெரிக்கா 2022 மே மாதம் சட்டம் போட்டுத் தடை செய்தது. இங்கே நீங்கள் அதை இலவசமாக அனுப்பி வைக்கிறீர்கள்.

அடுத்தது கட்டில். உங்கள் படத்தில் இருப்பது நான்கு மெல்லிய கால்களில் நிற்கும் கட்டில். அடியில் காலி இடம், அதற்குள் தொட்டிலின் பாதங்கள் நுழைந்து நிற்கின்றன. எங்கள் வீட்டிலும், எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளிலும் இருப்பது பாக்ஸ் கட்டில். அடியில் போர்வையும் பாத்திரமும் வைக்கிற அறை தரைவரை இறங்கும்; சுண்டெலி நுழையக்கூட இடம் கிடையாது. தொட்டிலின் பாதங்கள் பெட்டியில் முட்டி நின்றுவிட்டன. பாதத்தை மடக்கலாம் என்று வரைபடம் காட்டியது. மடக்கினால் கட்டிலோடு ஒட்டியது, ஆனால் தொட்டுப் பார்த்தால் ஆடியது. அந்தப் பாதம்தான் அதன் பிடிமானம். அதை மடக்கிவிட்டால் பட்டை ஒன்றுதான் தொட்டிலைப் பிடித்து நிறுத்த வேண்டும். பட்டையையோ கட்டிலின் சட்டத்தைச் சுற்றிக் கட்டச் சொல்கிறது வரைபடம். பாக்ஸ் கட்டிலில் சுற்றுவதற்குச் சட்டம் எங்கே இருக்கிறது?

உயரமும் அப்படித்தான். தொட்டிலில் ஐந்து துளைகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இரண்டரை அங்குலம். எங்கள் மெத்தை இரண்டு துளைகளுக்கு நடுவே நின்றது. மேல் துளையில் மாட்டினால் தொட்டில் ஓர் அங்குலம் உயரம், கீழ்த் துளையில் மாட்டினால் ஒன்றரை அங்குலம் தாழ்வு. மாப்பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கீழ்த் துளையில் மாட்டினார். பட்டை நீளம் போதாமல், மாடியில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றை ஒரு முழம் வெட்டிப் பட்டையோடு முடிந்து, மெத்தைக்கு அடியில் விட்டு, அந்தப் பக்கத்துத் தலைமாட்டுப் பலகையில் கட்டினார். இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை. எனக்கும் அப்போது சரியாகத்தான் பட்டது. இதை மறைக்கப் போவதில்லை.

குழந்தை பிறந்து பன்னிரண்டாம் நாள் இரவு. அறுவைச் சிகிச்சை ஆனவள் எப்படி எழுந்திருப்பாள் என்று பார்த்திருக்கிறீர்களா? நேராக எழ முடியாது. ஒருக்களித்து, முழங்கையை மெத்தை விளிம்பில் ஊன்றி, உடம்பை மெல்லத் தள்ளி எழுவாள். அந்த ஊன்றலில் பஞ்சு மெத்தையின் விளிம்பு அழுந்திப் பக்கவாட்டில் பிதுங்கும். பிதுங்குவது தொட்டிலை வெளியே தள்ளும். ஒரு தடவைக்கு நூலளவுதான். இரவு பத்துக்கு ஒரு முறை, ஒரு மணிக்கு ஒரு முறை, மூன்றுக்கு ஒரு முறை. நான் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். மூன்று மணிப் பால் முடிந்து மகள் தூங்கிய பிறகு விளக்கை அணைக்க எழுந்தேன். தொட்டிலில் குழந்தை கிடந்தாள், கண் மூடி, நன்றாக. அவளைச் சுற்றியிருந்த வெள்ளை வேட்டித் துணியின் முனையை மட்டும் காணவில்லை. குனிந்து பார்த்தேன். துணி முனை மெத்தைக்கும் தொட்டிலுக்கும் நடுவே கீழே இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் மேலாகக் கட்டியிருந்த கொசுவலையின் ஓரமும் அதே பிளவில் சொருகிக் கிடந்தது. கையை நீட்டி வைத்தேன். கட்டை விரல் நீங்கலாக நான்கு விரலும் புகுந்தன.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லியிருந்தால் நீங்கள் மேற்கொண்டு படித்திருக்க மாட்டீர்கள் என்று இங்கே சொல்கிறேன்.

மறுநாள் காலை நான் ஒரு சோதனை செய்தேன். உங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்வதற்கு ஈடாகாதுதான்; சமையலறையில் இருந்ததை வைத்துச் செய்தேன். மட்டை உரித்த தேங்காய் ஒன்று, சுற்றளவு 34 சென்டிமீட்டர். நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய அவ்வளவுதான். இன்னொன்று ஒரு கிலோ அரிசியைத் தளர்வாகக் கட்டிய துணிப்பை. இடுப்புக்கும் காலுக்கும் அதை வைத்துக்கொண்டேன். முந்தைய இரவு இருந்த அதே இடைவெளியில் இரண்டையும் ஓரமாக வைத்து மெத்தையை அழுத்தினேன். அரிசிப்பை வளைந்து நெளிந்து உள்ளே இறங்கிவிட்டது. தேங்காய் மேலேயே நின்றது.

செவிலியருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. உங்களுக்காக எழுதுகிறேன். பிறந்த குழந்தையின் உடலில் பெரிய பாகம் தலை. இடுப்பும் மார்பும் நசுங்கி நுழையும் இடத்தில் தலை நுழையாது. எனவே கால் முதலில் இறங்கும், உடல் இறங்கும், தலை சிக்கும். உடலின் கனம் முழுவதும் கழுத்திலும் தாடையிலும் தொங்கும். குழந்தை அழ முடியாது. பக்கத்தில் படுத்திருப்பவள் சத்தத்துக்கு விழித்துக்கொள்வாள் என்ற நம்பிக்கைக்கு அங்கே வேலையே இல்லை. தொட்டில் கம்பிகளுக்கு நடுவே 60 மில்லிமீட்டருக்கு மேல் இடம் விடக் கூடாது என்று அமெரிக்காவில் விதி வைத்ததன் காரணமும் இதே கணக்குதான். பக்கத் தொட்டிலில் கம்பி இல்லை, வலைத்துணிதான் என்று நீங்கள் பெருமையாக எழுதுகிறீர்கள். கட்டிலோடு சேரும் இடத்தில் இருக்கிற பிளவை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

"பன்னிரண்டு நாள் குழந்தை புரளாதே, எப்படிப் போய் விழும்?" என்று உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பெண் கேட்டாள். பாவம், அவளுக்குக் கொடுத்த தாளில் அப்படி எழுதியிருந்திருக்கும். பன்னிரண்டு நாள் குழந்தை புரளாது. ஆனால் காலை உதைத்து உதைத்து நகரும். படுக்கை ஒரு பக்கம் சரிந்திருந்தால் சரிவு நோக்கி நகரும். உங்கள் தொட்டிலில் இரண்டு முனைகளையும் வேறு வேறு துளையில் மாட்டலாம். "பால் கக்கும் குழந்தைக்குத் தலைப்பக்கம் உயர்த்தி வைக்கலாம்" என்று விளம்பரம் வேறு. சரிவில் படுத்த குழந்தை கீழே சறுக்கும், அல்லது தாடை நெஞ்சில் முட்டி மூச்சுக்குழல் மடங்கும். பத்து பாகைக்கு மேல் சரிந்த படுக்கையைக் குழந்தைகள் தூங்குவதற்கு விற்கக் கூடாது என்று அதே 2022 சட்டம் சொல்கிறது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2019 ஏப்ரலில், புகழ்பெற்ற ஒரு நிறுவனம் தன் சாய்வுப் படுக்கைகள் 47 லட்சத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோயிருந்தன. அந்தப் படுக்கையும் பெற்றோர் பாராட்டி வாங்கியதுதான். பத்து ஆண்டுகள் சந்தையில் இருந்தது.

நான் புகார் கொடுத்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு அது தெரிந்த கதை. படம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். காணொளி கேட்டார்கள், பேத்தியின் சித்தப்பா எடுத்துக் கொடுத்தார். "பொருளில் குறை இல்லை, பொருத்தியதில் தவறு" என்று பதில் வந்தது. சரி, பாக்ஸ் கட்டிலில் பொருத்துவது எப்படி என்று காட்டுங்கள் என்றேன். பதில் இல்லை. திருப்பி அனுப்பும் பத்து நாள் கெடு முடிந்துவிட்டது என்றார்கள். குழந்தை பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பே வாங்குகிற பொருளுக்குப் பத்து நாள் கெடு வைத்த புத்திசாலி யார் என்று தெரிந்துகொள்ள ஆசை. முத்திரை ஏதும் இல்லையே என்று விற்பனையாளரைக் கேட்டதற்கு "இதற்குக் கட்டாயம் இல்லை, அம்மா" என்றார்.

அவர் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். குழந்தை கையில் பிடித்து ஆட்டும் கிலுகிலுப்பைக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சமையலறைக் குக்கருக்கும் கட்டாயம். முத்திரையில்லாத குக்கர்கள் தங்கள் தளத்தில் விற்கப்பட அனுமதித்ததற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் உங்களில் சிலருக்கே அபராதம் விதித்தது, வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லிப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. அதாவது, விற்றது வெளி வியாபாரிதான், நாங்கள் இடம் மட்டும்தான் கொடுத்தோம் என்ற சமாதானம் குக்கரில் எடுபடவில்லை. தொட்டிலில் மட்டும் எடுபட வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்.

பக்கத் தொட்டிலுக்கென்றே அமெரிக்காவில் 2014 முதல் தனிக் கட்டாயத் தரநிலை இருக்கிறது. ஐரோப்பாவில் 2019-இல் வந்த ஈ.என். 1130 என்ற தரநிலை, தாய்ப் பக்கத்துச் சுவரை இறக்கினாலும் குழந்தையின் மெத்தைக்கு மேலே குறைந்தது 120 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு தடுப்பு நிற்க வேண்டும் என்கிறது. நம் கைக்கணக்கில் ஏழு விரற்கடைக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு சின்னத் தடுப்பு இருந்திருந்தால் எங்கள் வீட்டில் துணி முனை கீழே போயிருக்காது. உங்கள் தொட்டிலில் அந்தப் பக்கம் முழுக்கத் திறந்து விழுகிறது. "தாயின் அணைப்பிலேயே, தடையே இல்லாமல்" என்று அதையே விற்பனை வாசகமாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

இதைப் படிப்பவர்களில் சிலர் நினைக்கலாம், நம் பாட்டிமார் தூளியில் போட்டு வளர்க்கவில்லையா என்று. வளர்த்தார்கள், நானும் வளர்த்தேன். பழைய நூல்புடவைத் தூளிக்கு நிகரான தாலாட்டு எந்த இயந்திரத்திலும் கிடையாது. ஆனால் தூளியில் முதுகு வளைந்து தாடை நெஞ்சில் படும் என்பதால் பகலில், கண்ணெதிரே, ஆள் ஆட்டிக்கொண்டிருக்கும்போது மட்டும் போடுங்கள் என்றுதான் வார்டில் தாய்மார்களுக்குச் சொல்லி அனுப்புவேன். கடுகுத் தலையணை விஷயத்தில் எனக்குப் பேச வாயில்லை. என் மூத்த மகனுக்குத் தலை உருண்டையாக வர வேண்டும் என்று கால் கிலோ கடுகு வாங்கி நானே தைத்தேன், அப்போது நான் செவிலியர் பயிற்சி முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாமியார் சொன்னார், செய்தேன். தெரிந்தவர்களும் தவறு செய்கிற இடம் இது. அதனால்தான் தெரியாதவர்களுக்கு விற்பவர் சொல்லித் தர வேண்டியிருக்கிறது. ஊரில் தொட்டில் செய்து தரும் தச்சர் வீட்டுக்கு வந்து கட்டிலை அளந்து பார்ப்பார். அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், அளக்கிற வேலையை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

கடைசியில் நாங்கள் செய்தது இதுதான். மடக்கிய பாதங்களை நீட்டினோம். கட்டிலிலிருந்து ஒரு முழம் தள்ளி, சுவரில் படாமல் தனியே நிறுத்தினோம். திறந்த பக்கத்தை ஏற்றி ஜிப்பைப் போட்டுப் பூட்டினோம். இரண்டு முனைகளையும் ஒரே துளையில் மாட்டி, நடுவில் ஒரு செம்புத் தண்ணீரை வைத்து மட்டம் பார்த்தோம். உள்ளே அதன் சொந்த மெத்தை, மேலே இழுத்துச் செருகிய ஒரே ஒரு பருத்தித் துணி, குழந்தை. வேறு ஒன்றும் இல்லை. குளிருகிறதே என்று சம்பந்தியம்மாள் மடித்த கம்பளி ஒன்றைக் கொண்டுவந்தார்; அதற்குப் பதிலாகச் சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போட்டுவிட்டோம். மகள் இப்போது இரவில் ஒரு முழம் கூடுதலாக நகர வேண்டியிருக்கிறது, தையல் இழுக்கிறது என்கிறாள். பக்கத்தில் ஒட்டி நிற்கும் என்பதற்காகத்தான் அவள் பணம் கொடுத்து வாங்கினாள்.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

என் கருத்தை, படங்களோடு, மீண்டும் வெளியிடுங்கள். இணையக் கருத்துகளை எப்படிக் கையாள வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டிருக்கிறது. நேர்மையும் வெளிப்படைத்தன்மையும் அதில் அடிப்படைக் கோட்பாடுகள். அது கட்டாயமில்லை என்பது எனக்குத் தெரியும், நினைவூட்ட வேண்டாம். குழந்தையின் உயிருக்கு ஆபத்து என்று வரும் எந்தக் கருத்தையும் விற்பனைப் பிரிவு தொடாமல், பாதுகாப்புக்கென்று பொறுப்பான ஒருவர் படித்துப் பதில் எழுத வேண்டும்.

ஒவ்வொரு பக்கத் தொட்டிலின் விற்பனைப் பக்கத்திலும், விலைக்கு அருகிலேயே, எந்த வகைக் கட்டிலுக்கு இது பொருந்தாது என்று எழுதுங்கள். பாக்ஸ் கட்டில், விளிம்புப் பலகை மெத்தையைவிட உயர்ந்து நிற்கும் கட்டில், தரையில் விரித்த மெத்தை என்று பெயர் சொல்லி எழுதுங்கள். துளைக்குத் துளை உயரம் எத்தனை சென்டிமீட்டர் என்று போடுங்கள், வாங்குபவர் வீட்டு மெத்தையை அளந்து பார்த்து முடிவு செய்யட்டும். பட்டை கட்டும் முறையைத் தமிழில், படத்தோடு தாருங்கள். குழந்தை புரளவோ, கையும் முட்டியும் ஊன்றி எழும்பவோ தொடங்கிய நாளோடு இதன் உபயோகம் முடிந்தது என்பதைத் தொட்டிலின் துணியிலேயே அழியாமல் தைத்து அனுப்புங்கள். வரைபடத் தாள் பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீடு போவதற்குள் தொலைந்துவிடும்.

இலவசத் தலையணையையும் பஞ்சணைப்பையும் இன்றே நிறுத்துங்கள். தலைப்பக்கம் உயர்த்தி வைத்த படத்தையும், போர்வைக்குள் புதைந்து சிரிக்கும் குழந்தையின் படத்தையும் எடுத்துவிடுங்கள். படத்தைப் பார்த்துத்தான் இளம் பெற்றோர் படுக்கை விரிக்கிறார்கள்.

தாய்ப் பக்கம் தடுப்பே இல்லாத தொட்டில்களையும், பட்டையோ பிடிமானமோ இல்லாதவற்றையும், ஏதாவது ஒரு நாட்டின் தரநிலைப்படி சோதித்த சான்றிதழை விற்பனையாளர் காட்டும்வரை விற்பனையிலிருந்து இறக்கி வையுங்கள். குழந்தைக்கான படுக்கைகளுக்குத் திருப்பி அனுப்பும் கெடுவைப் பெட்டி வந்த நாளிலிருந்து மூன்று மாதமாக்குங்கள்.

இந்த மடலின் நகலை மத்திய நுகர்வோர் விவகாரத் துறைக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கும் அனுப்புகிறேன். கிலுகிலுப்பைக்குக் கேட்கும் முத்திரையைக் குழந்தை நாளில் பதினாறு மணி நேரம் படுத்திருக்கும் பொருளுக்கும் கட்டாயமாக்குங்கள் என்பது அவர்களிடம் என் வேண்டுகோள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டியவர் உங்கள் குறைதீர் அலுவலர். என் புகார் எண் அவரிடம் இருக்கிறது.

இன்னும் ஒன்று, இதற்கு ஒரு மாதம் காத்திருக்க முடியாது. இந்தத் தொட்டிலை ஏற்கெனவே வாங்கியவர்கள் ஒவ்வொருவரின் கைப்பேசி எண்ணும் உங்களிடம் இருக்கிறது. தள்ளுபடி அறிவிப்பதற்குத் தினமும் அதைப் பயன்படுத்துகிறீர்கள். அந்த எண்களுக்கெல்லாம் இந்த வாரமே ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். இன்றிரவு படுக்கும் முன் மெத்தை விளிம்பை முழங்கையால் அழுத்திக்கொண்டு, நடுவில் விரலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு விரல் நுழைந்தாலும் தொட்டிலைக் கட்டிலிலிருந்து தள்ளி வைத்து, தாய்ப் பக்கத்துச் சுவரை ஏற்றிப் பூட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.